ஒரே ஒரு வேலைக்கு ஒரு மெஷின்: பழைய மரவேலை இயந்திரங்கள் என்ன செய்தன, இன்று எதற்குப் பயன்படும்?

துருப்பிடித்த ஒரு பழைய மெஷினை யாரோ ஒருவர் பிரித்து, தேய்த்து, எண்ணெய் போட்டு, மறுபடி ஓடவிடும் ரீல்ஸ் உங்கள் போனிலும் வந்திருக்கும். கடைசிப் பத்து நொடியில் சக்கரம் சுழலும், மரத்தூள் பறக்கும், வீடியோ முடிந்துவிடும். லைக் போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போயிருப்பீர்கள். ஆனால் அந்த மெஷின் எதுக்கு? அது மட்டும் தெரியாது.

இந்தக் கட்டுரை அதற்குத்தான். கடந்த இருநூறு ஆண்டுகளின் விசித்திரமான மரவேலை இயந்திரங்களில் எட்டை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் எந்த வேலைக்காக வந்தது, எப்படி ஓடும், இன்றைக்கு உங்களுக்கோ உங்கள் ஊர்ப் பட்டறைக்கோ உதவுமா என்று பார்ப்போம். இதில் வேலை இழப்பும் வருகிறது, விரல் இழப்பும் வருகிறது. இரண்டையும் எண்களோடு பார்க்கலாம்.

ஏன் இவ்வளவு விநோதமாக இருக்கின்றன?

ஒரு தச்சரின் கையில் ஒரு உளி இருந்தால் போதும். துளை போடுவார், செதுக்குவார், ஓரம் சீவுவார், பூவேலையும் செய்வார். மெஷினுக்கு அது வராது. அதனால் பழைய பொறியாளர்கள் தச்சரின் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். ஒரு அசைவுக்கு ஒரு மெஷின். கைகளின் ஒரே ஒரு அசைவை மட்டும் இரும்பில் செய்து வைத்தால் அது விநோதமாகத்தான் தெரியும்.

எனவே எந்தப் பழைய மெஷினைப் பார்த்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். கையின் எந்த அசைவை இது எடுத்துக்கொண்டது? எதை எடுத்துக்கொள்ள முடியவில்லை? இதை ஓட்டுபவரின் விரல் எங்கே இருக்கும்?

1. வில் கடைசல்: தயிர் கடையும் அதே அசைவு

தமிழில் தயிரையும் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம். சொல் ஒன்றாக இருப்பதற்குக் காரணம் அசைவும் ஒன்றுதான். மத்தில் கயிற்றைச் சுற்றி முன்னும் பின்னும் இழுப்பதுபோல, வில்லின் நாணை மரக்கட்டையில் சுற்றி ஒரு கையால் இழுப்பார்கள். கட்டை ஒருமுறை இந்தப் பக்கம் சுழலும், மறுமுறை அந்தப் பக்கம். இன்னொரு கையில் உளி. தரையில் உட்கார்ந்து, கால் விரல்களால் உளியை நிலையாகப் பிடித்துக்கொள்வார்கள். ஒரு திசையில் சுழலும்போது மட்டும்தான் உளி வெட்டும். பாதி நேரம் வீண்.

பெங்களூரிலிருந்து மைசூர் போகும் வழியில், சுமார் 60 கிலோமீட்டரில் வரும் சன்னபட்னாவின் பொம்மைகள் இந்தக் கடைசல் மரபில் வந்தவை. வெப்பாலை மரத்தைக் கடைந்து, அது சுழலும்போதே வண்ண அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள். உராயும் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் ஒட்டும். பிறகு தாழை மடலை வைத்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். பிரஷ் வேண்டாம், காயவைக்க வேண்டாம். ஆந்திராவின் ஏட்டிகொப்பாகாவிலும் நம் அம்பாசமுத்திரம் சொப்பு சாமானிலும் இதே மரக் கடைசலும் அரக்குப் பூச்சும்தான்.

இன்று பெரும்பாலான இடங்களில் மின்சாரக் கடைசல் வந்துவிட்டது. ஆனால் சின்னச் சின்ன உருப்படிகளுக்கு மெதுவாகச் சுழலும் மெஷினே போதும், பாதுகாப்பும் அதிகம். கையை எடுத்தால் கட்டை நின்றுவிடும். இந்த வசதியை நினைவில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

2. போர்ட்ஸ்மத் கப்பி ஆலை: 110 பேர் இடத்தில் 10 பேர்

கிணற்றில் வாளி விட்டவர்களுக்குக் கப்பி தெரியும். மரக் கூட்டுக்குள் ஒரு சக்கரம், அதன்மேல் கயிறு. பாய்மரப் போர்க்கப்பல் ஒன்றுக்கு இந்தக் கப்பிகள் ஏறக்குறைய ஆயிரம் வேண்டும். நெப்போலியனோடு போர் நடந்த காலத்தில் பிரிட்டிஷ் கடற்படைக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் கப்பிகள் தேவைப்பட்டன. எல்லாம் கையால் செய்தவை.

கடற்படைப் பொறியாளர் சாமுவேல் பெந்தாமின் ஆதரவோடு, மார்க் பிரூனெல் வடிவமைத்த மெஷின்களை ஹென்றி மாட்ஸ்லே இரும்பில் செய்து கொடுத்தார். 1802-ல் வேலை தொடங்கியது. மொத்தம் 45 மெஷின்கள். மரத்தை அறுக்க ஒன்று, துளை போட ஒன்று, மூலைகளை வெட்ட ஒன்று. இதில் வெளிப்புறத்தை உருண்டையாகச் செதுக்கும் மெஷின்தான் அதிசயம். இரண்டு பெரிய சக்கரங்களுக்கு நடுவே பத்துக் கட்டைகளை வரிசையாக மாட்டிச் சுழற்றுவார்கள். வெட்டும் அலகு ஒரு வளைவில் நகர்ந்து பத்துக் கட்டைகளின் ஒரு பக்கத்தையும் ஒரே ஓட்டத்தில் செதுக்கும். பிறகு எல்லாக் கட்டைகளையும் கால் திருப்பு திருப்பி அடுத்த பக்கம்.

1808-ல் உற்பத்தி ஆண்டுக்கு 1,30,000 கப்பிகளைத் தொட்டது. தொழில் பழகிய 110 பேர் செய்த வேலையைத் தொழில் தெரியாத 10 பேர் செய்தார்கள் என்பது இந்த ஆலை பற்றிய புகழ்பெற்ற கணக்கு. அதை இப்படிப் பிரித்துப் பாருங்க: ஆண்டுக்கு 300 வேலை நாள் என்று வைத்தால், கையால் செய்தபோது ஒருவருக்கு ஒரு நாளைக்கு சுமார் 4 கப்பி. மெஷின் வந்தபின் 43.

இன்றைய பயன்? அந்த மெஷின்களில் சில 1960கள் வரை ஓடின. இப்போது லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் சிலவற்றைப் பார்க்கலாம். உங்கள் தெருப் பட்டறையில் கதவுச் சட்டத்துக்குச் சதுரத் துளை போடும் மெஷினுக்கு முன்னோடிகளில் ஒன்று இங்கேதான் இருந்தது. ஒரு பொருளை மெஷின் மெஷினாகக் கைமாற்றிச் செய்து முடிக்கும் உற்பத்தி வரிசைக்கும் இதுவே ஆரம்பகால உதாரணம்.

3. பிளான்சார்ட் கடைசல்: சாவி டூப்ளிகேட் போடும் கடை

சாதாரணக் கடைசலில் உருண்டையான பொருள்தான் வரும். துப்பாக்கியின் மரக்கட்டை உருண்டையில்லை, வளைந்து நெளிந்தது. அதைக் கையால்தான் செதுக்க முடியும் என்று நினைத்தார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸைச் சேர்ந்த தாமஸ் பிளான்சார்ட் 1819-ல் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்.

தெருவோரச் சாவிக் கடையைக் கவனித்திருப்பீர்கள். ஒரு பக்கம் அசல் சாவியைத் தடவிக்கொண்டே ஒரு முனை போகும், மறுபக்கம் வெட்டும் சக்கரம் அதே வளைவைப் புதுச் சாவியில் வெட்டும். அதேதான் இதுவும். இரும்பில் செய்த மாதிரிக் கட்டையும் புது மரக்கட்டையும் சேர்ந்து சுழலும். மாதிரியின்மேல் ஒரு மழுங்கிய சக்கரம் உருளும். அது ஏறினால் வெட்டும் சக்கரமும் ஏறும், இறங்கினால் இறங்கும்.

இதைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் ஒரு கதை உண்டு. ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதச் சாலையில் பிளான்சார்ட் முதலில் துப்பாக்கிக் குழாயைக் கடையும் மெஷினை ஓட்டிக் காட்டினார். குழாய் வேலைக்காரர்கள் கலங்கிப்போனார்கள். மரக்கட்டை செதுக்கும் ஒருவர் மட்டும், என் வேலையை இவரால் தொட முடியாது என்று பெருமையாகச் சொன்னாராம். அதைக் கேட்ட பிளான்சார்டுக்கு அங்கேதான் அடுத்த யோசனை பிறந்தது.

பிறகு கோடரிக் காம்பு, வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால், ஷூ தைக்க உதவும் கால் வடிவ அச்சு என எல்லாம் இந்த முறைக்கு வந்தன. ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் ஷூ ஃபேக்டரியில் வேலை செய்பவர்களுக்கு அந்த அச்சு, அதாவது லாஸ்ட், நன்றாகத் தெரியும். இன்று சி.என்.சி. மெஷின் இரும்பு மாதிரிக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் ஃபைலைத் தடவுகிறது. தத்துவம் மாறவில்லை.

4. மிதி ரம்பம்: சைக்கிளில் உட்கார்ந்து மரம் அறுப்பது

அமெரிக்காவின் ராக்ஃபோர்டில் இருந்த பார்ன்ஸ் கம்பெனி 1870களிலிருந்து காலால் ஓட்டும் மரவேலை மெஷின்களை விற்றது. அதில் ஒன்றில் சைக்கிள்போல சீட், பெடல் எல்லாம் இருக்கும். பெடலை மிதித்தால் முன்னால் இருக்கும் மெல்லிய ரம்ப அலகு மேலும் கீழும் போய்வரும். நீராவி எஞ்சின் வைக்க வசதியில்லாத சிறு பட்டறைகளுக்கு இது வரப்பிரசாதம். இரண்டு கையும் மரத்தைத் திருப்பச் சும்மா இருக்கும், வேகம் காலின் கட்டுப்பாட்டில்.

இன்றும் உண்மையிலேயே உதவும் பழைய மெஷின் எது என்று கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன். அபார்ட்மென்ட் பால்கனியில் ஞாயிற்றுக்கிழமை மரவேலை செய்ய ஆசைப்படுகிறவர்களுக்குப் பெரிய பிரச்சினை சத்தம். மிதி ரம்பம் தையல் மெஷின் அளவுக்குத்தான் சத்தம் போடும். பொம்மை, ஜாலி வேலை, பெயர்ப்பலகை எழுத்துகள் எல்லாம் அறுக்கலாம். பழைய தையல் மெஷினின் மிதிச் சட்டத்தில் ரம்பத்தைப் பொருத்திக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். வீட்டில் பாட்டியின் மெஷின் சும்மா கிடந்தால் யோசிச்சுப் பாருங்க.

5. சாயும் பேண்ட் சா: படகின் விலாவுக்காக

மர அறுவை மில்லில் வளையமாக ஓடும் நாடா ரம்பத்தைப் பார்த்திருப்பீர்கள். இந்த யோசனைக்கு 1808-ல் இங்கிலாந்தில் வில்லியம் நியூபெரி காப்புரிமை வாங்கினார். ஆனால் நாடாவை ஒட்டிய இடம் அடிக்கடி அறுந்துபோனது. 1846-ல் பிரான்ஸைச் சேர்ந்த ஆன் போலின் கிரெபான் என்ற பெண் உறுதியாகப் பற்றவைக்கும் முறையைக் கண்டுபிடித்த பிறகுதான் இந்த ரம்பம் நடைமுறைக்கு வந்தது.

அதில் விநோதமான ரகம் கப்பல் பட்டறைக்கானது. படகின் விலாச் சட்டம் வளைந்திருக்கும். அதோடு, பலகை வந்து உட்காரும் ஓரத்தின் சாய்வும் இடத்துக்கு இடம் மாறிக்கொண்டே போகும். ஆகவே அறுக்கும்போதே கோணத்தை மாற்ற வேண்டும். பெரிய மரத்தைச் சாய்ப்பது கஷ்டம். அதனால் மேசையை அப்படியே விட்டுவிட்டு, சக்கரம், அலகு, சட்டம் எல்லாவற்றையும் மொத்தமாகச் சாய்க்கிறார்கள். சிலர் மரத்தைத் தள்ள, இன்னொருவர் கைச்சக்கரத்தைத் திருப்பிக் கோணத்தை மாற்றிக்கொண்டே வருவார்.

கேரளத்தின் பேப்பூரில் உரு என்னும் மரக்கப்பலைக் கட்டும் தச்சர்கள் இதே சாய்வைப் பாரம்பரியமாகக் கண்ணளவில் பிடித்து வாய்ச்சியால் செதுக்கியவர்கள். மரப்படகு கட்டுபவர்களைத் தவிர வேறு யாருக்கும் இந்த மெஷின் தேவைப்படாது. அவர்களுக்கோ இதற்குச் சமமாக வேறொன்று கிடைப்பது கடினம்.

6. மூலை சீவும் கத்தி: பிரேம் கடையின் ரகசியம்

போட்டோ பிரேமின் நான்கு மூலையும் இடைவெளி இல்லாமல் சேர வேண்டும் என்றால், ஒவ்வொரு முனையும் சரியாக 45 டிகிரியில் இருக்கணும். ரம்பத்தால் அறுத்தால் கொஞ்சம் பிசிறு இருக்கும். அதற்கு வந்தது கைப்பிடியால் ஓட்டும் மூலை சீவி. நீளமான கைப்பிடியை இழுத்தால் அகலமான கத்தி பக்கவாட்டில் நகர்ந்து, மரத்தின் முனையைக் காகிதம்போல மெல்லிசாகச் சீவிவிடும்.

மின்சாரம் இல்லை, தூசி இல்லை, சத்தம் இல்லை. சீவிய முகம் கண்ணாடிபோல இருக்கும். முதலில் ரம்பத்தால் தோராயமாக அறுத்துவிட்டு, கடைசி மில்லிமீட்டரை மட்டும் இதில் சீவ வேண்டும். முழு மரத்தையும் இதிலேயே வெட்டப் பார்த்தால் முனை நசுங்கும். வீட்டில் வைத்துக்கொள்ள ஏற்றது. ஆனால் அந்தக் கத்தி சவரக் கத்தி மாதிரி, குழந்தைகள் இருக்கும் வீட்டில் கைப்பிடியைக் கட்டிப் பூட்டி வையுங்கள்.

7. ஷாப்ஸ்மித்: எல்லாம் ஒன்றில்

இதுவரை ஒரு வேலைக்கு ஒரு மெஷின் பார்த்தோம். அதற்கு நேர்மாறாக 1947-ல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் உருவாக்கிய ஷாப்ஸ்மித். ஒரே மோட்டார்தான். படுக்கையாக இருக்கும்போது கடைசல், மேசை ரம்பம், தேய்க்கும் தட்டு, பக்கவாட்டில் துளை போடும் மெஷின். தூக்கி நிறுத்தினால் டிரில். போர் முடிந்து புது வீடுகளுக்குக் குடிபோன நடுத்தரக் குடும்பங்களின் கார் ஷெட்டுக்காக வந்த யோசனை இது.

இடம் மிச்சம். ஆனால் ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்ட வேண்டும். மறுபடி அதே அளவை வைப்பது சிரமம். வாரம் ஒருநாள் பொழுதுபோக்காகச் செய்பவருக்குச் சரி. தினமும் பத்துக் கதவு செய்யும் பட்டறைக்கு ஒத்துவராது.

8. ரேடியல் ஆர்ம் சா: ஆளை நோக்கி வரும் ரம்பம்

இன்று டிரில் மெஷினில் நீங்கள் பார்க்கும் டிவால்ட் என்ற பெயர் ஒரு மனிதருடையது. ரேமண்ட் டிவால்ட் 1922-ல் இந்த ரம்பத்தை உருவாக்கினார். மரத்தை ரம்பத்துக்குத் தள்ளாமல், மரத்தை அசையாமல் வைத்துவிட்டு, மேலே ஒரு கையில் தொங்கும் ரம்பத்தை இழுப்பது. நீளமான பலகையைக் குறுக்கே வெட்ட இது ரொம்ப வசதி.

சிக்கல் எங்கே? வட்ட ரம்பம் சுழலும் திசையும் நீங்கள் அதை இழுக்கும் திசையும் ஒன்று. பல் மரத்தில் பிடித்துக்கொண்டால் ரம்பம் தானாகவே உங்களை நோக்கி ஓடிவரும். கைப்பிடியை உறுதியாகப் பிடித்து அதைத் தடுத்துக்கொண்டே இழுக்க வேண்டும். 2000-ல் அமெரிக்காவில் எமர்சன் நிறுவனம், கிராஃப்ட்ஸ்மேன் பெயரில் விற்ற பழைய ரேடியல் ஆர்ம் சாக்களில் சுமார் 37 லட்சத்தைத் திரும்பப் பெறும் அறிவிப்பை வெளியிட்டது. அலகை முழுதாக மூடும் காவல் உறை அவற்றில் இல்லை என்பதே காரணம்.

விரல்களின் கணக்கு

மேலே வில் கடைசலில் கையை எடுத்தால் கட்டை நின்றுவிடும் என்றேன். ரேடியல் ஆர்ம் சாவில் கையை எடுத்தாலும் ரம்பம் நிற்காது. இருநூறு ஆண்டுகளில் வேகம் கூடிய அளவுக்குப் பாதுகாப்பு கூடவில்லை.

இன்னொரு உதாரணம், மரத்தின் முகத்தைச் சமன்செய்யும் இழைப்பு மெஷின். மிகப் பழையவற்றில் கத்தி மாட்டும் தண்டு சதுரமாக இருக்கும். சதுரம் சுழல வேண்டும் என்றால் மேசையில் பெரிய இடைவெளி விட வேண்டும். அந்த இடைவெளிக்குள் விரல் போய்விடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தண்டை உருண்டையாக்கினார்கள். இடைவெளி குறைந்தது, காயத்தின் ஆழமும் குறைந்தது. வடிவத்தை மாற்றினாலே விரலைக் காப்பாற்றலாம் என்பதற்கு இது சாட்சி.

அமெரிக்காவில் மேசை ரம்பத்தால் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 30,000 பேர் காயத்தோடு அவசர சிகிச்சைக்குப் போகிறார்கள் என்பது அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் மதிப்பீடு. தோல் பட்டவுடன் சில மில்லி நொடிகளில் அலகை நிறுத்தும் தொழில்நுட்பத்தை 1999-ல் ஸ்டீபன் காஸ் உருவாக்கினார். பழைய மெஷின்களில் அது கிடையாது.

இந்தியாவில்? 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-வது பிரிவு, ஆபத்தான பாகங்களுக்குக் காவல் அடைப்பு கட்டாயம் என்றது. ஆனால் அந்தச் சட்டப்படி 'தொழிற்சாலை' என்றால் பொதுவாக மின்சக்தியோடு 10 பேர், அது இல்லாவிட்டால் 20 பேர் வேலை செய்ய வேண்டும். 2020-ல் நிறைவேறிய பணிப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் சட்டத்தொகுப்பு இந்த எண்ணிக்கையை முறையே 20, 40 என்று உயர்த்தியது. நாலு பேர் வேலை செய்யும் உங்கள் தெரு மரப்பட்டறை இரண்டு வரையறையிலும் தொழிற்சாலை ஆகாது. பழைய மெஷின்கள் செகண்ட் ஹேண்டில் போய்ச் சேருவதும் பெரும்பாலும் அங்கேதான்.

வாங்குவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

காவல் உறை: இல்லாத மெஷினை அப்படியே ஓட்டாதீர்கள். செய்து பொருத்தும் செலவையும் விலையில் சேர்த்துப் பாருங்கள்.

இழைப்பு மெஷினின் தண்டு: சதுரமா, உருண்டையா? சதுரம் என்றால் காட்சிக்கு மட்டும் வையுங்கள்.

வார்ப்பிரும்பில் விரிசல்: டார்ச் அடித்துப் பாருங்கள். வார்ப்பிரும்பைப் பற்றவைப்பது எல்லோருக்கும் வராது.

பேரிங்: மிகப் பழையவற்றில் குண்டு பேரிங் இருக்காது. உருக்கி ஊற்றிய மென்மையான உலோகம்தான். எண்ணெய் வற்றினால் தேய்ந்துவிடும்.

மோட்டார்: த்ரீ ஃபேஸ் என்றால் வீட்டு இணைப்பில் நேரடியாக ஓடாது. எலக்ட்ரீஷியனிடம் முதலில் கேளுங்கள்.

பெயின்ட்: பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள்.

உடை: சுழலும் மெஷின் முன் கையுறை வேண்டாம், துப்பட்டா வேண்டாம், கழுத்தில் ஆபீஸ் ஐடி கார்டும் வேண்டாம்.

சரி, வேலை?

'என் வேலையை ஏ.ஐ. எடுத்துக்கொள்ளுமா?' என்று இன்று நாம் கேட்பது, ஸ்பிரிங்ஃபீல்டில் அந்த மரக்கட்டைத் தொழிலாளி கேட்காமல் விட்ட கேள்வி. தன் கைத்திறனை மெஷின் தொடாது என்று நம்பினார். மெஷின் அவர் வேலையைத்தான் அடுத்து எடுத்தது. போர்ட்ஸ்மத்தில் தேவையில்லாமல் போன நூறு பேருக்கு, மெஷின் பத்து மடங்கு வேகம் என்பது ஆறுதலாக இருந்திருக்காது.

அதே நேரம், இந்த எட்டில் எதுவும் தச்சரை முழுதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிளான்சார்ட் மெஷினுக்கு முதல் மாதிரிக் கட்டையை யாரோ சரியாகச் செய்து கொடுக்க வேண்டும். சாயும் ரம்பத்தில் கோணத்தை எப்போது மாற்றுவது என்று தெரிந்த ஒருவர் வேண்டும். கத்தியைச் சாணை பிடிக்கத் தெரிந்தவர் எல்லா மெஷினுக்கும் வேண்டும். திறமை காணாமல் போகவில்லை, இடம் மாறியது. ஆனால் அந்தப் புது இடத்தில் நாற்காலிகள் குறைவு.

அடுத்த முறை அந்த ரீல்ஸ் வந்தால் கடைசிப் பத்து நொடிக்காகக் காத்திருக்காதீர்கள். எந்த அசைவு, எது மிச்சம், விரல் எங்கே என்று பாருங்கள். ஆபீஸில் புதிதாக ஒரு டூல் வரும்போதும் முதல் இரண்டு கேள்வி பொருந்தும்.